காகமும் பனம்பழமும்: நிலவின் ஈர்ப்பும் பூமியதிர்ச்சியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தமது பல அலுவல்களுக்கிடையே வருகை தந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, ஆலய அறங்காவலர்களே, வணக்கத்துக்குரிய அருட்தந்தை அவர்களே, மௌலவி அவர்களே, மீனவர் சங்கப் பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நிலவு பூமியை எப்படி இழுக்கிறது, ஆய்வுகள் என்ன கண்டன, கடலடிக் கருவிகள் எவ்வாறு எச்சரிக்கின்றன என்ற மூன்றையும் பேச வந்தேன்.

2004 டிசெம்பர் 26 பறுவ நாள், அதாவது முழுநிலவு நாள். அன்று சுமாத்திராவுக்கு அருகே கடலடி பிளந்து, எழுந்த சுனாமி அலை நம் இலங்கையில் மட்டும் 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதால், நிலவுதான் பூமியை அசைத்தது என்ற எண்ணம் நம் கரையோரத்தில் இன்றும் வேரூன்றி நிற்கிறது. அதை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனமில்லை. நிலவின் இழுவையால் கடல் மட்டுமன்றி, நாம் நிற்கும் திடமான தரையும் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் உயர்ந்து தாழ்கிறது. சுற்றுவட்டாரம் முழுவதும் ஒன்றாக எழுவதால் நமக்குத் தெரிவதில்லை. பாறைப் பிளவுகளிலும் அது அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. ஆனால் பெரும் அதிர்ச்சியொன்றில் விடுபடும் அழுத்தத்தோடு ஒப்பிட்டால், அது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். காம்பு இற்றிருந்தால் காகத்தின் பாரமே போதும். காயாக இருந்தால் நூறு காகம் குந்தினாலும் விழாது. மிகப் பெரிய அதிர்ச்சிகள் இழுவை மிகுந்த வேளைகளில் நேரும் போக்கு உண்டென்று 2016இல் யப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். 2018இல் வந்த அமெரிக்க ஆய்வொன்றோ, நிலவின் வளர்தல் தேய்தலுக்கும் பேரதிர்ச்சிக்கும் எந்த ஒழுங்கும் இல்லை என்றது.

சுனாமிக்குப் பின் எங்கள் அயல்வீட்டு ஆச்சி, பறுவந்தோறும் அடையாள அட்டை, காணி உறுதி, மருந்துப் பை மூன்றையும் பழைய சேலையில் முடிந்துகொண்டு, பொழுது சாயுமுன் அன்புவழிபுரத்தில் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். 2012 ஏப்ரல் 11, பறுவம் கழிந்து ஐந்தாம் நாள். ஆச்சி முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். பிற்பகலில் சுமாத்திராப் பக்கம் 8.6 அளவில் அதிர்ந்து, சுனாமி எச்சரிக்கை வந்தது. முடிச்சை எடுக்கவும் நேரமின்றி ஒழுங்கையால் ஓடினோம். நடுவழியில் புதிதாக எழும்பிய மதிலொன்று மறித்தது. திரும்பி, முட்கம்பி வேலியின் கீழ்க் கம்பியை நான் காலால் மிதிக்க, மேல் கம்பியைப் பேரன் தூக்கிப் பிடிக்க, ஆச்சி குனிந்து நுழைந்தார். கம்பி கீறிச் சட்டை முதுகில் இரத்தம் ஊறியது. மூச்சு வாங்கியபடியே கேட்டார்: “தம்பி, இண்டைக்குப் பறுவமும் இல்லையே?”

அன்று பேரலை வரவில்லை. வந்திருந்தால் அந்த மதிலடியில் எத்தனை பேர் நின்றிருப்போம்! காகத்தைப் பார்த்துக்கொண்டு பனையடியில் படுத்திருந்தோம், அவையோரே. சுமாத்திராவிலிருந்து அலை நம் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுக்கும். ஒழுங்கை திறந்திருந்தால் அதற்குள் ஆச்சியும் நடந்தே தப்புவார். கருவிகளைப் பற்றிப் பேச நேரம் போதாது. தலைவர் பொறுத்தருள வேண்டும். உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர் எங்கும் கடற்கரை ஒழுங்கைகளை அளந்து, மறிப்புகளை அகற்றக் கோரும் மனு வாசலடி மேசையில் இருக்கிறது. உங்கள் ஒழுங்கை எந்த இடத்தில் மறிபட்டிருக்கிறது என்பதை எழுதி, கையொப்பமிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.