மருந்துப் பெட்டியில் தமிழ் எழுத்து

(சிங்கப்பூர்ச் சமூக மன்றம் ஒன்றில் தமிழ்மொழி விழாவையொட்டி ஆற்றிய உரை)

அனைவருக்கும் வணக்கம்.

பல பணிகளுக்கிடையே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே, மழையையும் பொருட்படுத்தாமல் முதல் ஆளாக வந்து அமர்ந்த மன்றத் தலைவர் அவர்களே, இந்த நிகழ்ச்சிக்காக ஒரு மாதம் ஓடியாடிய நற்பணிச் செயற்குழுவின் செயலாளர், பொருளாளர் அவர்களே, உயர்நிலைப் பள்ளியில் எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து, இன்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கும் என் ஆசிரியர் ஐயா அவர்களே, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே! எனக்குப் போர்த்திய பொன்னாடையை ஆசிரியர் ஐயாவின் தோளில் சேர்க்க அனுமதித்த மகளிர் குழுவினருக்கு என் தனி நன்றி.

மருந்தும் அழகுப் பொருளும் விற்கும் கடைகளின் வளர்ச்சி என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று செய்திகள் சொல்ல எண்ணியிருக்கிறேன். கடைகள் எப்படிப் பெருகின, மருந்துக்கடைக்குள் உதட்டுச் சாயம் எப்படி நுழைந்தது, இணைய விற்பனை இவற்றை எங்கே கொண்டுபோகும். 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்று என் பாட்டி சொல்வார். அந்தப் பழமொழியைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

நம் கடைத்தொகுதிகளில் மருந்தும் அழகுப் பொருளும் விற்கும் வாட்சன்ஸ் கடையின் வேர் 1828ஆம் ஆண்டு சீனாவின் குவாங்சோவில் தொடங்கிய ஒரு சிறு மருந்தகம். 1841இல் அது ஹாங்காங்கில் காலூன்றியது. பின்னாளில் அங்கே பணிக்குச் சேர்ந்த வாட்சன் என்பவரின் பெயரே நிறுவனத்தின் பெயரானது. சிங்கப்பூருக்கு அது வந்தது 1988இல். அதற்கு முன்பே, 1972இல், கார்டியன் மருந்துக்கடை இங்கே திறந்துவிட்டது. பிறகு தொழிற்சங்கக் கூட்டுறவின் யூனிட்டி மருந்துக்கடை வந்தது. 2014இல் நம் அரசாங்கத்தின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக், வாட்சன்ஸின் தாய் நிறுவனத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை வாங்கியது. கொடுத்த விலை 4,400 கோடி ஹாங்காங் வெள்ளி. இன்று அந்தத் தாய் நிறுவனத்துக்கு உலகெங்கும் 16,000க்கும் மேற்பட்ட கடைகள் இருக்கின்றன. ஒற்றை மருந்தகமாகப் பிறந்தது இவ்வளவு பெரிய ஆலமரமாகியிருக்கிறது. உழைப்பால் வந்த வளர்ச்சி அது, மனமாரப் பாராட்டுகிறேன்.

இரண்டாவது செய்தி. தமிழ்நாட்டில் மருத்துவர் சீட்டு எழுதுவார், நாம் அதை மருந்துக்கடைக்கு எடுத்துப்போவோம். சிங்கப்பூரில் அப்படியில்லை. நாம் வாழும் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் மருத்துவரே பார்த்து, அவரே மருந்தையும் கொடுத்தனுப்புகிறார். சீட்டை நம்பி இங்கே மருந்துக்கடை பிழைக்க முடியாது. ஆகவே முகப்பூச்சும் ஷாம்பூவும் சத்துமாத்திரையும் முன்னால் வந்தன, மருந்தாளரின் மேசை கடைக்கோடிக்குப் போனது. சில மருந்துகளை மருந்தாளர் இருந்தால்தான் விற்கலாம் என்பது இங்குள்ள சட்டம். அவர் பணியில் இல்லாத நேரத்தில் அந்த மேசை இருண்டு கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உதட்டுச் சாயத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. மருந்து மூன்று நாளோடு முடிந்துவிடும். அழகுப் பொருள் அப்படியா? மாதந்தோறும் வாங்க வைக்கிறது. உறுப்பினர் அட்டை, புள்ளிகள், இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று எல்லாமே அதற்காகத்தான்.

இங்கே என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஈசூனில் மூவறை வீட்டில் தனியாக இருக்கிறார். வயது 76. காலையில் தமிழ் முரசை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் பசியாறுவார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். "வாப்பா, வெயிலில் வந்திருக்கிறாய், முதலில் இதைக் குடி" என்று ஒரு குவளை நீட்டினார். சூடாக, மஞ்சளாக, எலுமிச்சை மணத்தோடு இருந்தது. ஒரு வாய் குடித்தேன். இனிப்புக்குப் பின்னால் ஒரு கசப்பு நாக்கில் நின்றது. "என்ன பெரியம்மா இது?" என்று கேட்டேன். "எலுமிச்சைச் சாறுதான். கடையில் பொட்டலமாக விற்கிறான். வெந்நீரில் கொட்டினால் போதும். நேற்று எதிர்வீட்டு மலாய்க்காரம்மா வந்தார், அவருக்கும் கொடுத்தேன். மின்தூக்கி பழுதுபார்க்க வந்த பையனுக்கும் கொடுத்தேன்" என்றார் பெருமையாக.

பொட்டலத்தை வாங்கிப் பார்த்தேன். முன்பக்கம் முழுவதும் அழகான எலுமிச்சம்பழப் படம். பின்பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலம். சளிக்காய்ச்சல் மருந்து, ஒவ்வொரு பொட்டலத்திலும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால்!

நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்த மின்தூக்கிப் பையனை நினைத்து நானும் சிரித்தேன். பிறகு மேசையைப் பார்த்தேன். காய்ச்சலுக்கு மருத்துவர் கொடுத்த மாத்திரைகள் அங்கே இருந்தன. வேளைக்கு இரண்டு, நாளைக்கு மூன்று வேளை. அதுவும் பாராசிட்டமால்தான். ஒரு நாளைக்கு மாத்திரையில் 3,000 மில்லிகிராம், அவர் குடித்த 'எலுமிச்சைச் சாறு' மூன்று குவளையில் 1,500, ஆக 4,500. பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 4,000 மில்லிகிராம்தான் எல்லை. அதைத் தாண்டினால் கல்லீரல் கெடும். எனக்குக் கை நடுங்கியது. அன்றே மருத்துவரிடம் அழைத்துப்போனோம். இரத்தப் பரிசோதனையில் குறை ஒன்றுமில்லை. பிடிபட்டது மூன்றாம் நாள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று பாட்டி சொன்னார். விருந்தே மருந்தாகிப்போன அந்த மூன்று நாளை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

பெரியம்மா படிக்கத் தெரியாதவர் என்று யாராவது சொன்னால் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. அவர் படித்தவர். தமிழ் படித்தவர். இந்த நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றைப் படித்தவர். கட்டுமானத் தளத்து வேலியில் 'அபாயம்' என்று தமிழில் எழுதியிருக்கிறது. அந்த வேலியைத் தாண்டி அவர் ஒருநாளும் போகப்போவதில்லை. அவர் தினமும் கையில் எடுக்கும் மருந்துப் பெட்டியில் அந்தச் சொல் இல்லை.

பெட்டியைத் தயாரிப்பவர் வெளிநாட்டில் இருக்கிறார், அதை மாற்றுவது கடினம் என்பார்கள். சரி, பெட்டியை விட்டுவிடுவோம். அலமாரி விளிம்பில் விலைச்சீட்டு ஒட்டுகிறார்களே, அது யார் கையில் இருக்கிறது? கழிவு விலைக்காக அதை அடிக்கடி மாற்றுகிறார்கள். அதே சீட்டில் 'இதில் பாராசிட்டமால் உள்ளது, மருத்துவரின் காய்ச்சல் மாத்திரையோடு சேர்த்து உட்கொள்ள வேண்டாம்' என்று நான்கு மொழியிலும் ஒரு வரி போட எவ்வளவு செலவாகும்? மருந்தாளர் மேசையில் எந்த மருந்து எதற்கு, எத்தனை வேளை, எதோடு சேரக்கூடாது என்று தமிழில் ஒரு தாள் வைக்கலாம். 2030இல் இந்நாட்டுக் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார் என்று அரசாங்கமே சொல்கிறது. தனியாக வாழும் தமிழ் மூத்தோர் நம் புளோக்குகளில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். இணைய விற்பனை பற்றிப் பேச வந்தேன். அங்கே மருந்தாளரின் முகம்கூடத் தெரியாது. நம் பெரியவர்களுக்கு அங்கே துணை யார் என்ற கேள்வியோடு அதை நிறுத்திக்கொள்கிறேன்.

கடைகளின் தலைமையகங்களுக்கும் சுகாதார அமைச்சுக்கும் அனுப்ப ஒரு மனு எழுதியிருக்கிறோம். நாடாளுமன்ற உறுப்பினர் அவர்கள் அதை வாங்கிக்கொள்ள இசைந்திருக்கிறார்கள், அவருக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. மனு வாசலில், தேநீர் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறோம். முதல் கையெழுத்து பெரியம்மாவுடையது. தமிழில் போட்டிருக்கிறார். அதற்குக் கீழே உங்கள் பெயரை எழுதிவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.