ஏறிவிட்ட வீல் எல்லாம் பொருந்திய வீல் அல்ல: ஏற்காட்டுப் பாதைக்கு முன் இந்த நட்டைப் பாருங்கள்!

[திரையில்: இரண்டு வீல் நட்டுகள், மிக அருகில்]

வணக்கம். வேறு காரின் பழைய அலாய் வீலை உங்கள் ஸ்விஃப்டில் மாட்டினால், இந்த இரண்டு நட்டுகளில் ஒன்று அதை இறுகப் பிடிக்கும். மற்றொன்று பிடிப்பது போல நடிக்கும். எது நடிகர் என்பதை இப்போதே கருத்துப் பகுதியில் எழுதிவிடுங்கள். பிறகு திருத்தக் கூடாது.

சேலத்தில் பழைய அலாய் வீல் வாங்குபவர்கள் முதலில் கேட்பது பி.சி.டி. அளவைத்தான், அதாவது நட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டத்தைத்தான். ஸ்விஃப்ட், ஹோண்டா சிட்டி இரண்டிலும் 100 மில்லிமீட்டர் விட்ட வட்டத்தில் நான்கு துளைகள் இருப்பதால், சிட்டியின் வீல் ஸ்விஃப்டில் தாராளமாக ஏறிவிடும். ஆனால் ஸ்விஃப்டின் ஹப் (வீலின் நடுத்துளைக்குள் உட்காரும் நடுமேடு) 54.1 மில்லிமீட்டர், சிட்டி வீலின் நடுத்துளையோ 56.1, இடைவெளியை ஹப் ரிங் என்ற வளையம் போட்டு அடைக்காவிட்டால், ஓமலூர் நெடுஞ்சாலையில் வேகம் கூடும்போது ஸ்டீயரிங் நடுங்கக்கூடும். ஆஃப்செட், அதாவது வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் என்ற அளவு, மாறினால், ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது டயர் உள்ளே உரசலாம். ஆட்களை ஏற்றி, இருபுறமும் ஒடித்துப் பார்த்துவிடுங்கள்.

[திரையில்: பணியாரக் கல், அதன் குழியில் ஒரு புனல்]

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஹோண்டாவின் கம்பெனி வீலில் நட் உட்காரும் இடம் உருண்டையாகக் குழிந்திருக்கும். ஸ்விஃப்டின் நட்டோ 60 பாகைக் கூம்பு. பணியாரக் குழியில் புனலை வைத்ததைப் போல, இந்த நட் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டுமே உலோகத்தைத் தொடும். நடிகர் இவர்தான். குறித்த அளவுக்கு இறுக்கும் கருவியான டார்க் ரெஞ்ச் வழக்கம்போல் ‘டக்’ என்று சொல்லிவிடும்; ஓட ஓட அந்த வளையம் நசுங்கி, இறுக்கம் குறைந்து, நட் தளர்ந்துவிடும். நட்டின் முகத்தில் மார்க்கர் மையைத் தடவி, இறுக்கிக் கழற்றுங்கள். வீலில் அகலமான பட்டையாக மை பதிந்தால் சரி. கோடாகப் பதிந்தால் தவறு.

அப்படியானால் ஹோண்டா நட்டையே போடலாமே என்று அவசரப்பட வேண்டாம். அதன் மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர், ஸ்விஃப்டின் ஸ்டட்டில், அதாவது நட் ஏறும் மரைத் தண்டில், 1.25. ஓரிரு சுற்றில் சிக்கும் நட்டை ஏர் கன் வைத்து வீரத்துடன் ஏற்றினால், ஸ்டட்டின் மரை போய்விடும். உருண்டை முகமும் 1.25 மரையும் கொண்ட நட்டைத் தேடி வாங்கி, கையால் திருகும்போது சுற்றுகளை எண்ணுங்கள். 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் ஏறத்தாழ பத்துச் சுற்றாவது ஏற வேண்டும்.

வீலின் சுமைத் திறன் காருக்குப் போதுமானதா என்று பார்த்து, கையேட்டில் உள்ள இறுக்க அளவுக்கு நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, 100 கிலோமீட்டருக்குள் மீண்டும் சரிபாருங்கள்.

ஸ்டெப்னி இன்னும் பழைய ஸ்விஃப்ட் வீல்தான், அதற்குக் கூம்பு நட்டுதான் பொருந்தும் என்பதால், கழற்றிய பழைய நட்டுகளில் நான்கையாவது இன்றே டிக்கியில் போட்டுவையுங்கள்.