கோபித்துக்கொள்ள ஆயிரம் காரணம் இருக்கு, நடுவரே!

நடுவர் அவர்களுக்கும் சபையாருக்கும் ஸ்தோத்திரம். "சபையில் சமாதானம் நிலைக்கக் கண்டிப்பு வேண்டுமா, மனதுருக்கம் வேண்டுமா?" மனதுருக்கமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் ஒரு பட்டியலே வாசித்தார். ஆராதனையில் செல்போன் அடிக்கிறது, பிள்ளைகள் ஓடுகிறார்கள், ஸ்தோத்திரம் சொன்னால் பதில் ஸ்தோத்திரம் வருவதில்லை. எல்லாம் உண்மைதான் அண்ணே. ஆனால் நம்ம சபைகளில் மனஸ்தாபம் எதில் தொடங்குகிறது? கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயர் விட்டுப்போனதில். அசன விருந்தில் இரண்டாம் பந்திக்குக் கறி தீர்ந்துபோனதில்! (கைதட்டாதீங்க, கறி பரிமாறினவர் முன்வரிசையில்தான் இருக்கிறார்.)

லூக்கா 9-ம் அதிகாரத்துக்கு வாங்க. எருசலேமுக்குப் போகிற வழியில் யூதரோடு ஒட்டாத சமாரியரின் ஒரு கிராமத்துக்கு இயேசு முன்கூட்டியே ஆள் அனுப்புகிறார். ஏற்றுக்கொள்ள மாட்டோம் என்றுவிட்டார்கள். சீஷர்களான யாக்கோபுக்கும் யோவானுக்கும் பொத்துக்கொண்டு வருகிறது. சும்மாவா, 'இடிமுழக்க மக்கள்' என்று பேர் வாங்கினவர்கள்! "எலியா செய்த மாதிரி வானத்திலிருந்து அக்கினியை இறக்கி அழிச்சிரட்டுமா ஆண்டவரே?" என்கிறார்கள். தங்க இடம் தரவில்லை என்பதற்கு ஊரையே கொளுத்துவதா?

அந்தச் சமாரியர் ஏன் அப்படி நடந்துகொண்டார்கள்? அவர் எருசலேமுக்குப் போகிறவராய் இருந்ததால் என்று லூக்காவே எழுதுகிறார். கெரிசீம் மலையில் சமாரியருக்கு ஓர் ஆலயம் இருந்தது. கி.மு. 2-ம் நூற்றாண்டில், எருசலேமில் யூதருக்குப் பிரதான ஆசாரியனாகவும் ஆட்சியாளனாகவும் இருந்த யோவான் ஹிர்கானஸ் படையோடு வந்து அதை இடித்துப்போட்டான். பாட்டன் காலத்துக் காயம். அந்த எருசலேமுக்கே போகிறவருக்குத் திண்ணை கொடுக்க மனசு வருமா? சீஷர்கள் கண்ணில் பட்டது அடைத்த கதவு. அதற்குப் பின்னால் இருந்தது ஆண்டவருக்குத் தெரியும். சீஷரை அதட்டிவிட்டு, வேறொரு கிராமத்துக்கு நடையைக் கட்டினார்.

நம்ம கதைக்கு வருவோம். ஆசீர்வாதம் கூறுமுன்னே பைபிளை மூடிக்கொண்டு ஒரு அக்கா கிளம்பினால், "என்னா தலைக்கனம்!" என்கிறோம். வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. துணி மாற்ற வேறு ஆள் கிடையாது. யாராவது கேட்டோமா?

"தேவாலயத்தில் இயேசு சவுக்கு எடுத்தாரே?" என்றார் அண்ணன். எடுத்தார், பிதாவின் வீட்டைச் சந்தையாக்கியதற்காக. தம்மை அறைந்த சேவகனிடம் எடுத்தாரா? "நான் பேசினது தப்பென்றால் காட்டு, இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய்?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

மத்தேயு 18 கண்டிக்கச் சொல்கிறதாம். முழுசா வாசிங்க அண்ணே: "நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து". நாம் எங்கே உணர்த்துகிறோம்? சபை வாட்ஸ்அப் குரூப்பில், காலை வசனத்துக்குக் கீழே!

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். ஒன்றே ஒன்று, அப்போஸ்தலர் 8. சமாரியர் வசனத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்று செய்தி வருகிறது. எருசலேமிலிருந்து யாரை அனுப்புகிறார்கள்? பேதுருவையும், யோவானையும். ஆமாம், அதே யோவான்! இந்த முறை அக்கினி கேட்கவில்லை. அவர்கள் பரிசுத்த ஆவியைப் பெறவேண்டுமென்று ஜெபித்து, அவர்கள்மேல் கை வைக்கிறார். திரும்புகிற வழியில் பல சமாரியர் கிராமங்களில் சுவிசேஷம் சொல்லிக்கொண்டே போகிறார்கள். அன்றைக்குக் கேட்டபடி அக்கினி இறங்கியிருந்தால், எந்த முகத்தோடு யோவான் சமாரியாவுக்குள் கால் வைத்திருப்பார்? எதிரணி அண்ணன் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.