மேசைக்குத் திரும்பிய மனிதர்

நடுவர் அய்யா அவர்களே, எதிரணி அண்ணாச்சிமாரே, பணகுடியிலிருந்தும் காவல்கிணற்றிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் அக்காமாரே, தம்பிமாரே, வணக்கம்.

ஆகஸ்ட் 23 விண்வெளி தினம். ஆகஸ்ட் 25, நிலாவில் முதலில் கால்வைத்த ஆம்ஸ்ட்ராங்கின் நினைவு நாள். அதனால்தான் இந்தத் தலைப்பு: 'நீல் ஆம்ஸ்ட்ராங்கை வீரர் ஆக்கியது துணிச்சலா, பணிவா?' எதிரணி அண்ணாச்சி இப்போதுதான் மேசையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். கொரியப் போரில் 78 முறை பறந்தவர், 110 மீட்டர் ராக்கெட்டின் உச்சியில் போய் உட்கார்ந்தவர், "பணிவை வைத்துக்கொண்டு வள்ளியூருக்குக்கூடப் போக முடியாது, நிலாவுக்கு எப்படி?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார்.

சரி, துணிச்சல் இல்லை என்று யார் சொன்னது? அந்த ராக்கெட்டில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். அடுத்து நாங்கள் போகிறோம் என்று நின்றவர்கள் இன்னும் பலர். அங்கே துணிச்சல் என்பது டிரைவர் வேலைக்கு லைசென்ஸ் மாதிரி அய்யா. லைசென்ஸ் வைத்திருப்பவரெல்லாம் வீரர் என்றால் திருநெல்வேலி ஜங்ஷனில் சிலை வைக்க இடம் போதாது.

1968 மே 6. நிலாவில் இறங்கிப் பழகுவதற்கென்றே ஒரு வண்டி செய்திருந்தார்கள். நாலு கால், நடுவில் ஜெட் எஞ்சின். 'பறக்கும் கட்டில்' என்று கேலிப்பெயர். ஹூஸ்டனில் ஆம்ஸ்ட்ராங் அதை ஓட்டிக்கொண்டிருந்தபோது, சுமார் 60 மீட்டர் உயரத்தில் கட்டுப்பாடு போய்க் கட்டில் சாய்ந்துவிட்டது. இருக்கையோடு தன்னை வெளியே எறிந்துகொண்டு பாராசூட்டில் இறங்கினார். வண்டி கீழே விழுந்து எரிந்தது. இவருக்கு ஆன சேதம், நாக்கைக் கடித்துக்கொண்டதுதான்.

அப்புறம் என்ன செய்தார்? நேரே ஆபீசுக்குப் போய்த் தன் மேசையில் உட்கார்ந்து வேலையைப் பார்த்தார். அதே அறையில் இருந்த சக விண்வெளி வீரர் ஆலன் பீனிடம் ஒரு வார்த்தை இல்லை. பீன் வெளியே விபத்துப் பேச்சைக் கேட்டு, நம்பாமல் திரும்பி வந்து கேட்ட பிறகுதான் ஆம்ஸ்ட்ராங் 'ஆமாம்' என்றார். நமக்கு பைக் வழுக்கி முட்டி சிராய்த்தால், காயம் ஆறும்வரை டீக்கடையில் அந்தக் கதைதான் ஓடும்.

நிலாவில் எடுத்த படங்களைப் பாருங்கள். அங்கே கம்பீரமாக நிற்பவர் கூடவே இறங்கிய ஆல்ட்ரின். ஆம்ஸ்ட்ராங் எங்கே என்றால், ஆல்ட்ரினின் முகக்கண்ணாடியில் எள்ளளவாகத் தெரிகிறார். பணிவால் அப்படிச் செய்தார் என்று கதை கட்ட மாட்டேன். கேமரா பெரும்பாலும் அவர் கையில் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் பேரப்பிள்ளை காதுகுத்துக்கே செல்பி எடுத்துத் தள்ளுகிற நாம் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நிலாவிலிருந்து வந்து 43 வருடம் வாழ்ந்தார். என்னைக் கேட்டால் உண்மையான சோதனை அதுதான். 1971-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் வாத்தியார் வேலைக்குப் போனார். தன் கையெழுத்தை விலைபோட்டு விற்கிறார்கள் என்று தெரிந்ததும், கேட்பவர்களுக்குப் போடுவதையே நிறுத்திவிட்டார். 2005-இல் அவருக்கு முடிவெட்டியவர், வெட்டிய முடியை 3000 டாலருக்கு விற்றுவிட்டார். இவர் கேட்டது, ஒன்று முடியைத் திருப்பிக் கொடு, இல்லை அந்தப் பணத்தைத் தர்மத்துக்குக் கொடு. தனக்கென்று காசு கேட்கவில்லை.

எதிரணி அண்ணாச்சி மகேந்திரகிரியைப் பார்த்தபடிதானே தினமும் எழுந்திருக்கிறார்? அங்கே இஸ்ரோ மையத்தில் ராக்கெட் எஞ்சினை இரும்பு மேடையில் அசையாமல் கட்டிவைத்து எரிக்கிறார்கள். சந்திரயான்-3-ஐத் தூக்கிப்போன கிரையோஜெனிக் எஞ்சினும், அதாவது கடுங்குளிரில் வைத்த எரிபொருளில் ஓடும் எஞ்சினும், அந்த மேடையைப் பார்த்துத்தான் போனது. அதைச் சோதித்தவர்கள் நம்ம பக்கத்து பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தால்கூட நமக்கு அடையாளம் தெரியாது. ஆம்ஸ்ட்ராங்கை நிலாவுக்கு அனுப்பிய அப்போலோ திட்டத்துக்கும் சுமார் 4 லட்சம் பேர் உழைத்தார்கள். புகழ் வரும்போதெல்லாம் ஆம்ஸ்ட்ராங் அவர்கள் பக்கம்தான் கையைக் காட்டினார்.

கடைசியாக ஒன்று, மணியில் கை வைத்துவிட்டீர்கள், பார்த்துவிட்டேன். 2012-இல் அவர் இறந்தபோது குடும்பத்தார் உலகத்துக்கு ஒரு வேண்டுகோள் விட்டார்கள். அவருடைய சேவை, சாதனை, அடக்கம் இவற்றைப் போற்றுங்கள். தெளிந்த இரவில் நிலாவைப் பார்த்தால் அவரை நினைத்துக் கண் சிமிட்டுங்கள் என்றார்கள். எண்ணிப் பாருங்கள் அய்யா, மூன்று சொல். அதில் துணிச்சல் இல்லை. எழுதினது அவர் வீட்டுக்காரர்கள். எதிரணி அண்ணாச்சி அப்பீல் போவதென்றால் அமெரிக்காவில் அவர் மாநிலமான ஓஹியோவுக்குத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். வணக்கம்.