எரிமலைக் கல்லும் நம்ம ஊரு போர்வெல் தூளும்

விழாத் தலைவர் அவர்களே, கூட்டத்துக்கு மண்டபத்தை வாடகை இல்லாம குடுத்த தலைமையாசிரியர் அம்மா அவர்களே, லேட்டா வந்தாலும் வந்துட்ட கவுன்சிலர் அண்ணன் அவர்களே, மைக்செட் தம்பி, எல்லாருக்கும் வணக்கம். சால்வைக்கு நன்றி, இந்த வெயில்ல.

மூணு விஷயம் பேசப்போறேன். கல்லு, பனி, காசு.

ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவாங்கல்ல, அண்டார்டிகாவுல அதத்தான் செஞ்சாங்க. 2006 கடைசியில, மெக்மர்டோங்கிற அமெரிக்க ஆராய்ச்சி நிலையத்துக்குப் பக்கம், ஆன்ட்ரில்னு ஒரு திட்டம். அமெரிக்கா, நியூசிலாந்து, இத்தாலி, ஜெர்மனி நாலும் சேந்து கடல்மேல மிதக்கிற பனித்தட்டுல நின்னுக்கிட்டு, சுமார் 85 மீட்டர் பனி, அதுக்குக் கீழ 800 மீட்டருக்கு மேல தண்ணி, அதையும் தாண்டி கடல் தரையில 1285 மீட்டர் துளை போட்டாங்க. வந்த கல்லத்தனையும் உருளை உருளையா பெட்டியில அடுக்கி, ஆழம் எழுதி வச்சாங்க.

இதுல பனி தரையில உக்காந்து இழுத்துட்டுப் போன காலம் கல்லும் சேறும் கலந்த குழம்பா இருக்கும். பனி விலகின காலம் டயட்டம் பாசியோட ஓடு வெள்ளையா படிஞ்சிருக்கும். ஆனா இதெல்லாம் எப்ப நடந்துச்சுன்னு சொல்றது பக்கத்து எரிமலைங்க துப்புன சாம்பலும் லாவாவும்தான். அதுல இருக்கிற பொட்டாசியத்துல துளியூண்டு மெதுவா ஆர்கான் வாயுவா மாறும், அதை அளந்தா வயசு. சுமார் 646 மீட்டர் ஆழத்துல மூணு மீட்டர் கூட வராத ஒரு லாவா, வயசு ஏறக்குறைய 65 லட்சம் வருஷம், அது தண்ணிக்கு அடியில ஓடி உறைஞ்சது. அப்ப அந்த இடத்துல தரையத் தொட்ட பனி இல்ல, கடல்தான் இருந்துச்சு! ஜில்லுத் தண்ணி பட்ட லாவாவோட மேல்தோல் கண்ணாடியாயிடும், படார்னு நொறுங்கும், அதான் அடையாளம்.

இப்ப எங்க வீட்டு போர் கதை. 420 அடி. பத்தடிக்கு ஒருதரம் தூள் கலர் மாறுது, செம்மண்ணு, அப்புறம் சாம்பல், அப்புறம் கருப்பு. போர்க்காரர் தூளை உள்ளங்கையில தேச்சு, மோந்து பாத்து, "இதுக்குக் கீழ தண்ணி வரும் சார்"னாரு. வந்துச்சு! எங்க அத்தை என்ன பண்ணாங்க? அந்தத் தூளை ரெண்டு வாளி அள்ளி, ஆறு மாசம் ஈயச்சட்டி தேய்ச்சாங்க! (சிரிப்பு) சட்டி பளபளன்னு இருந்துச்சு, பொய் சொல்லல. நாலு வருஷம் கழிச்சு போர் வத்திப்போச்சு, எந்த ஆழத்துல ஊத்து இருந்துச்சுன்னு புதுசா வந்தவர் கேட்டா ஒருத்தருக்கும் தெரியல, போர்க்காரர் நம்பரும் மாறிடுச்சு, தூளு சாக்கடையில போயாச்சு.

அதான் கேக்குறேன். ஊர்ல யாரு போர் போட்டாலும் இருபதடிக்கு ஒரு பிடி தூள், ஒரு டப்பா, ஆழம் எழுதுன சீட்டு, எல்லாம் லைப்ரரி அலமாரியில. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு, அந்த ஒரு சோத்தையும் நாமதான் சாக்கடையில விடுறோம். கவுன்சிலர் அண்ணன் தலையாட்டுறாரு, எல்லாரும் பாத்துக்கங்க.

பனி, காசு ரெண்டும் பாக்கி இருக்கு, ஆனா தலைவர் வாட்ச்சப் பாக்குறாரு. தூள் சேத்து வைக்க சம்மதம்னா நோட்டுப் புத்தகம் வாசல்ல இருக்கு, கையெழுத்துப் போடுங்க, பேனாவ மட்டும் திருப்பிக் குடுத்துட்டுப் போங்க.