சும்மா மூக்குதான் அண்ணா

(மெல்பர்னின் மேற்குப் புறநகர் ஒன்றில், செப்டம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தமிழர்கள் கூடிய அரங்கில் பேசியது. எழுத்தாக்கும்போது இடையில் வந்த தும்மல்களை மட்டும் நீக்கியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். பின்வரிசைக்குக் கேட்கிறதா? சரி.

வரவேற்புரை பன்னிரண்டு நிமிடம் நடந்தது. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் இந்த அரங்கில் பதினேழு தும்மல். மேடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு வேறு வேலை இல்லை, எண்ணினேன். அதில் மூன்று என்னுடையவை. இத்தனைக்கும் வெளியே புல் இன்னும் பூக்கவே இல்லை. இப்போது பறப்பது மரங்களின் மகரந்தம். புல்லின் ஆட்டம் அக்டோபரில் தொடங்கி டிசம்பர் கடைசி வரை போகும்.

உள்ளே வரும்போது ஒரு அக்காவிடம் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டேன். சிவந்த கண்ணோடு, கையில் கசங்கிய டிஷ்யூவோடு, "ஹே ஃபீவர்தான் தம்பி, வேற ஒண்ணுமில்லை" என்றார். ஹே ஃபீவர் என்றால் மகரந்த ஒவ்வாமை. அந்த 'வேற ஒண்ணுமில்லை'யைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

2016-இல் நாங்கள் வேறு புறநகரில் இருந்தோம். பக்கத்து வீட்டில் ஒரு தம்பி. கோயம்புத்தூர்க்காரர், முப்பத்தோரு வயது, ஐடி வேலை, இந்த ஊருக்கு வந்து நான்கு வருடம். முதல் இரண்டு வசந்தமும் அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. மூன்றாவதில் தும்மல் பிடித்துக்கொண்டது. எனக்கும் இதே கதைதான், மூன்றாவது வருடம். இங்கே பலருக்கும் அப்படித்தான் இருக்கும். இங்குள்ள ரை புல்லை நம் உடம்புக்கு முன்பின் தெரியாது. தெரிந்துகொண்டு பகையாக்கிக்கொள்ள இரண்டு மூன்று பருவம் எடுக்கிறது. வேலியோரம் அவரைப் பார்க்கும்போதெல்லாம், "டாக்டரைப் பார்த்தீங்களா?" என்பேன். "சும்மா மூக்குதான் அண்ணா" என்பார். நானும் விட்டுவிடுவேன். வேலியோரம் வைத்தியம் பார்ப்பதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். இப்போது அந்தக் கொள்கையில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

நவம்பர் 21, திங்கட்கிழமை. பகலில் 35 டிகிரி, வடக்கிலிருந்து அனல்காற்று. சாயங்காலம் ஆறு மணியை ஒட்டி இடியோடு குளிர்காற்று வந்தது. இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும், 'கூல் சேஞ்ச்' வந்துவிட்டால் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் ஜன்னலைத் திறப்பார்கள். நம் ஆட்கள் ஒரு படி மேலே போய் வாசலில் நிற்போம். மழைக்காற்று வருகிறது, மண்வாசனை வரும் என்று மூக்கை விரித்துக்கொண்டு நிற்பது நமக்கு ரத்தத்தில் ஊறியது. தம்பியும் டீ டம்ளரோடு கராஜ் வாசலில் நின்றிருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் கதவைத் தட்டினார். டம்ளர் இன்னும் கையில் இருந்தது. "அண்ணா" என்றார். மூச்சு. "என்னமோ" என்றார். மூச்சு. ஒரு வாக்கியம் முடியவில்லை. தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது. பக்கத்தில் போனால் விசில். வாழ்நாளில் ஒருமுறைகூட ஆஸ்துமா என்று யாரும் சொல்லாத மனிதர்!

என் மகளுடைய நீலப் பஃபரும், அதாவது சுருங்கிய மூச்சுக்குழாயைத் திறக்கும் இழுப்பு மருந்தும், அதை மாட்டி இழுக்கும் ஸ்பேசர் குழலும் ஃபிரிட்ஜ் மேல் இருந்தன. நிமிர்ந்து உட்கார வைத்து நான்கு பஃப். நான்கு நிமிடம். மறுபடி நான்கு. என் மனைவி அதற்குள் இங்குள்ள அவசர உதவி எண்ணான 000-க்குப் போன் செய்துகொண்டிருந்தாள். மூன்றாவது சுற்று முடிந்து சிறிது நேரம் கழித்துத்தான் அவரிடமிருந்து முதல் முழு வாக்கியம் வந்தது: "டீ ஆறிப்போச்சு அண்ணா."

அன்றிரவு ஆஸ்பத்திரியில் இருந்தார், பிழைத்துக்கொண்டார். அந்த மாலை உச்சநேரத்தில் 000-க்கு நாலரை நொடிக்கு ஓர் அழைப்பு என்று பிற்பாடு கணக்குச் சொன்னார்கள். மூச்சுத் தொல்லையோடு அவசரப் பிரிவுகளுக்கு வந்தவர்கள் வழக்கமான எண்ணிக்கையைவிட மூவாயிரத்துக்கும் அதிகம். பத்துப் பேர் இறந்தார்கள். இதற்கு 'இடி ஆஸ்துமா' என்று பெயர்.

இனி நம்மைப் பற்றிய கணக்கு. அன்று வந்தவர்களைப் பின்னர் விசாரித்த ஆய்வில், 39 சதவீதம் பேர் ஆசிய, இந்திய வம்சாவளியினர். நகரத்தில் அவர்கள் பங்கு 25 சதவீதம்தான். இறந்த பத்துப் பேரில் ஆறு பேர் அதே வம்சாவளி. இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்தவர்கள் வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிகமாக வந்திருந்தார்கள். இன்னொன்றும் தெரிய வந்தது. ஆஸ்துமா இருப்பதாக டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தவர்கள் 28 சதவீதம் பேர் மட்டுமே. மற்றவர்களில் பெரும்பாலானோர் நம் தம்பியைப் போல 'சும்மா மூக்கு' கோஷ்டி.

எப்படி நடந்தது? ரை புல்லின் மகரந்தத் துகள் ஒன்று முப்பது, நாற்பது மைக்ரான் அளவு இருக்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது பெரிய ஆள். மூக்கு முடியும் சளியும் வாசலிலேயே மடக்கிவிடும், நுரையீரல் வரை விடாது. அதனால்தான் சாதாரண நாளில் தும்மலோடும் கண்ணரிப்போடும் போய்விடுகிறது. ஆனால் இடிமேகத்துக்குள் இழுக்கப்பட்ட துகள் ஈரத்தைக் குடித்து வெடிக்கிறது. ஒரு துகளுக்குள் சுமார் எழுநூறு மாவுச்சத்துக் குருணை. ஒவ்வொன்றும் மூன்று மைக்ரானுக்கும் கீழே, ஒவ்வொன்றின் மேலும் அந்த ஒவ்வாமைப் புரதம். மூக்கு இதைத் தடுக்க முடியாது. நேரே கடைசிச் சிறுகுழாய் வரை போய்விடும். மேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று அந்தக் குருணையை அள்ளிக்கொண்டு வந்து ஊரின் மேல் கொட்டுகிறது. மண்வாசனைக்காக நாம் இழுத்து விட்ட மூச்சில் வந்தது அதுதான்.

மகரந்தம் வானத்தில் உயரே மிதக்கும் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. மான்செஸ்டரில் சார்ல்ஸ் பிளாக்லி என்ற டாக்டர், தானே ஒரு தும்மல்காரர், பட்டத்தில் பசை தடவிய கண்ணாடித் துண்டைக் கட்டி மேலே விட்டு, ஒட்டி வந்த மகரந்தத்தை எண்ணினார். 1873-இல் அதைப் புத்தகமாகவே போட்டார். மனுஷன் தன் மூக்கிலும் கையிலும்தான் முதலில் சோதனை செய்தார். எனக்கு அவரைப் பிடிக்கும்.

சரி, இடி வருடம் முழுக்க இடிப்பதில்லை. இடி இல்லாத நாளில் மூக்குக்கும் நுரையீரலுக்கும் என்ன பேச்சு?

நாம் மருத்துவத்தைக் கூறு போட்டுவிட்டோம். மூக்குக்கு ஒரு டாக்டர், நெஞ்சுக்கு ஒரு டாக்டர், இரண்டுக்கும் இரண்டு ஃபைல். உடம்புக்கு இந்தப் பாகப்பிரிவினை தெரியாது. மூக்கு நுனியில் தொடங்கும் சளிச்சவ்வு, ஒரே விரிப்பாக மூச்சுக்குழாய் வழியே உள்ளே போகிறது. ஒரு முனையில் தீப்பிடித்தால் மறுமுனைக்குச் சூடு போகாமல் இருக்குமா? இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆஸ்துமா இல்லாத, மூக்கு ஒவ்வாமை மட்டும் உள்ளவர்களுக்கு மூக்கில் மட்டும் புல் மகரந்தச் சாற்றை விட்டார்கள். ஒரு நாள் கழித்து நுரையீரல் குழாயிலிருந்து துளிச் சதை எடுத்துப் பார்த்தால், அங்கேயும் ஈசினோஃபில் என்ற ஒவ்வாமை அணுக்கள் கூடியிருந்தன. நெஞ்சுக்குள் யாரும் எதையும் விடவில்லை. ரத்தம் செய்தியைக் கொண்டுபோயிருக்கிறது.

அப்புறம், மூக்கு அடைத்தால் வாயால் மூச்சு விடுவோம். மூக்கு வழியே போகும் காற்று வடிகட்டி, ஈரப்படுத்தி, சூடேறிப் போகிறது. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் லிட்டருக்கு மேல் இந்த வேலையை அது செய்கிறது. வாய்க்கு அந்த வேலை தெரியாது. குளிர்ந்த, வறண்ட, தூசுக் காற்று நேரே உள்ளே போனால் ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும் குழாய் சுருங்குகிறது. ஆஸ்துமாக்காரர்களில் பெரும்பாலோருக்கு மூக்குத் தொல்லையும் இருப்பது தற்செயல் அல்ல. ராத்திரி இரண்டு மணிக்கு இருமி எழுகிற குழந்தைக்கு இருமல் சிரப் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள், ஒருமுறை அதன் மூக்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சைனஸ். "எனக்கு சைனஸ் இருக்கு டாக்டர்" என்று வருவார்கள். எனக்கும் இருக்கிறது, எல்லோருக்கும் நான்கு ஜோடி இருக்கிறது. அவை மண்டை எலும்புக்குள் இருக்கும் காற்றறைகள். தொல்லை என்பது அவற்றின் சின்ன வாசல் வீங்கி அடைத்து, உள்ளே சளி தேங்குவது. ஊரில் பாட்டி பீனிசம் என்றது இதைத்தான். பன்னிரண்டு வாரம் தாண்டியும் மூக்கடைப்பு, முக பாரம், தொண்டைக்குள் வடியும் சளி, வாசனை தெரியாமை என்று நீடித்தால் அது நாள்பட்ட சைனஸ் அழற்சி. அதோடு மூக்குக்குள் திராட்சைபோல் சதை வளர்ந்து, ஆஸ்துமாவும் சேர்ந்து, ஆஸ்பிரின் மாத்திரை போட்டால் இளைப்பும் வருகிறவர்கள் உண்டு. வாசனை போய் வருடக்கணக்கான ஒருவர் தலைவலிக்கு ஆஸ்பிரின் போடுமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். ரசம் தாளித்தால் மணம் தெரிகிறதா என்று நான் கேட்பது அதற்காகத்தான். சும்மா சாப்பாட்டுப் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள்.

நம் மொழியே சில சமயம் நோயை ஒளித்து வைக்கிறது. "ஆஸ்துமா இருக்கா?" என்றால் "சேச்சே" என்பார்கள். யாழ்ப்பாணத்து அம்மாவிடம் "தொய்வு இருக்கோ?" என்று கேட்டால், "சின்னனில இருந்தது" என்பார். மதுரைக்காரரிடம் "இளைப்பு, வீசிங்?" என்றால், "மழைக்காலத்தில் கொஞ்சம்" என்பார். எல்லாம் ஒன்றுதான். பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியக் கூடாது என்று பிள்ளையின் பஃபரைத் துணி அலமாரியில் ஒளித்து வைத்த வீடு எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் கோபித்தால் கோபிக்கட்டும். பஃபர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

இப்போது மூக்கு ஸ்பிரே. இங்கே பாதிப் பேர் ஒன்று வாங்கியிருப்பீர்கள். அதில் பாதிப் பேர் மூன்றாம் நாள் "வேலை செய்யலை" என்று நிறுத்தியிருப்பீர்கள். ஸ்டீராய்டு ஸ்பிரே தலைவலி மாத்திரை அல்ல. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகும், தினமும் அடிக்க வேண்டும், பருவத்துக்குச் சில வாரம் முன்பே தொடங்க வேண்டும். அதாவது இந்த வாரம். ஸ்டீராய்டா என்று பயப்படுகிறவர்களுக்கு: இதில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு. மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இளைப்பு முற்றியபின் தருகிற ஸ்டீராய்டு மாத்திரை அத்தனையும் மில்லிகிராம் கணக்கு.

அடிக்கும் விதம், பாருங்கள். தலையை அண்ணாந்து பார்க்காதீர்கள், லேசாகக் குனியுங்கள். இடது துவாரத்துக்கு வலது கை. வலது துவாரத்துக்கு இடது கை. இப்படிக் கை மாற்றினால் முனை தானாகக் காதுப் பக்கம் திரும்பும். நடுத் தண்டில் அடித்தால் ரத்தம்தான் வரும். அடித்துவிட்டு உறிஞ்சாதீர்கள். தொண்டையில் கசந்தால் மருந்து வயிற்றுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அடைப்பைச் சட்டென்று திறக்கிற சொட்டு மருந்து வேறு சாதி. அதை ஐந்து நாளுக்கு மேல் விட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும். உப்புத்தண்ணீரில் மூக்கைக் கழுவுவது நல்லது, கொதித்து ஆறிய தண்ணீர் என்றால். நொச்சி போட்டு ஆவி பிடிப்பது சுகம், நானும் பிடிப்பேன். அழற்சி அதனால் அடங்காது. குழந்தைகளைக் கொதிதண்ணீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே விடாதீர்கள்.

புல் ஒவ்வாமை கடுமையாக இருப்பவர்களுக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை உண்டு. உடம்புக்குப் புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவது. லண்டனில் லெனார்ட் நூன் 1911-இல் ஊசியில் தொடங்கிய யோசனை இது. மூன்று வருடப் பொறுமை வேண்டும், பருவத்துக்கு மாதக்கணக்கில் முன்பே தொடங்க வேண்டும். இந்த வருடத்துக்குத் தாமதம். அடுத்த வருடத்துக்கு இப்போதே டாக்டரிடம் பேச்சை எடுக்கலாம்.

விக்டோரியா அரசின் 'விக்எமர்ஜென்சி' செயலி அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை இடி ஆஸ்துமா முன்னறிவிப்பு தருகிறது. சிவப்பு காட்டும் மாலையில் புயல்காற்றுக்கு முன்பே ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே இருங்கள். மண்வாசனையை அன்றைக்கு மட்டும் விட்டுக்கொடுங்கள். நீலப் பஃபர் இங்கே மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். மூக்குத் தொல்லை மட்டும் உள்ளவர்களும் அக்டோபருக்கு முன் ஒன்று வாங்கி வையுங்கள். ஆனால் வாரத்தில் பல நாள் அது தேவைப்படுகிறது என்றால், நீலத்தை நம்பிக் காலம் தள்ளாதீர்கள். அழற்சியை அடக்குவது தினசரித் தடுப்பு மருந்துதான்.

ஆபத்து நேரத்துக்கு ஒரே எண், நான்கு. ஸ்பேசரில் ஒரு பஃப், நான்கு மூச்சு. இப்படி நான்கு பஃப். நான்கு நிமிடம் பொறுங்கள். தேறவில்லை என்றால் 000, ஆம்புலன்ஸ் வரும்வரை அதே சுற்று. பேச முடியாமல் திணறினால் நான்கு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள், உடனே 000.

வெளிவாசல் பக்கம் மேசையில் மருந்தில்லாத பயிற்சி பஃபர் நான்கும் ஸ்பேசர் இரண்டும் வைத்திருக்கிறேன். நம் தம்பிதான் அங்கே நிற்பார், அந்தக் கோயம்புத்தூர்க்காரர். இப்போது வருடம் தவறாமல் செப்டம்பரில் ஸ்பிரே தொடங்கிவிடுகிறார். அவர் முன்னால் ஒருமுறை அடித்துக் காட்டிவிட்டுப் போங்கள். வடையும் டீயும் அந்த மேசைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. வேறு வழி கிடையாது.