ஐம்பத்தைந்துக்குப் பின் ஓவிய வகுப்பு

நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

வயது சென்ற பின் கல்லூரிக்குத் திரும்பி ஓவியம் பயில்வதைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிகழ்ச்சியை நடத்துபவர்கள் கேட்டுக்கொண்டார்கள். இதைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி சிறியது. திருகோணமலையில் நில அளவைப் படங்களை வரையும் படவரைஞராக ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடமையாற்றினேன். ஐம்பத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டு, இப்பொழுது வார இறுதிகளில் மட்டக்களப்புக்குப் பஸ் ஏறிச் சென்று ஓவியத்தில் டிப்ளோமாப் பாடநெறி ஒன்றைப் பயின்று வருகிறேன். என் வகுப்பில் இருப்பவர்களில் பெரும்பாலோர் என் இளைய மகளை விட வயது குறைந்தவர்கள்.

நான் பதிவு செய்துகொண்ட செய்தி பரவியதும், பத்திரகாளி கோயில் வீதியிலும் கலியாண வீடுகளிலும் என்னைக் கண்டவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இந்த வயதில் எதற்கு?" என் மீது அன்புள்ளவர்கள் பதிலையும் தாங்களே சொல்லிவிடுவார்கள்: "பொழுது போக வேண்டும்தானே." பொழுதைப் போக்குவதற்கு எங்கள் ஊரில் நல்ல கடற்கரை இருக்கிறது. அங்கே வருகைப் பதிவேடும் இல்லை, ஒப்படையும் இல்லை, "இதைத் திரும்பச் செய்துகொண்டு வாருங்கள்" என்று சொல்பவர்களும் இல்லை. ஒருவர் இவை எல்லாவற்றையும் விரும்பித் தேடிப் போகிறார் என்றால் அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணத்தை இன்று விளக்க முயல்கிறேன்.

முதலில் வழியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். எங்கள் தலைமுறையில் கணக்கு ஓடுகிற பிள்ளை சித்திரத்தைச் சாதாரண தரத்தோடு விட்டுவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம். இந்நாட்டில் ஓவியத்தை உள்வாரிப் பட்டமாகப் படிக்கின்ற இடங்கள் இல்லாமலில்லை. கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. கொழும்பில் 2005ஆம் ஆண்டு தனிப் பல்கலைக்கழகமாக்கப்பட்ட கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆயினும், உயர்தரப் பெறுபேறு, பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கிடும் இசட் புள்ளி, அதன் மேல் உளச்சார்புப் பரீட்சை என்று அமைந்திருக்கும் அந்தப் பாதை, பாடசாலையை விட்டு அப்போதுதான் வெளியேறிய இளைஞரை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது. அதில் நான் குறை காணவில்லை. இடங்கள் சில, பிள்ளைகள் பலர். 1980இல் தொடங்கப்பட்ட திறந்த பல்கலைக்கழகம் வேலையில் இருப்பவர்களுக்கு எத்தனையோ பாடங்களில் கதவைத் திறந்துவிட்டது என்பதும் உண்மை. ஆனால் ஓவியத்தை அச்சிட்ட பாடத் தொகுதியைக் கொண்டு கற்றுக்கொள்வது கடினம். வரைபவரின் தோளுக்குப் பின்னால் ஒருவர் வந்து நிற்க வேண்டும். ஆகவே என்னைப் போன்றவர்களுக்கு எஞ்சியிருப்பவை சான்றிதழ், டிப்ளோமா என்ற பெயர்களில் வார இறுதிகளில் நடக்கும் பாடநெறிகளே.

தோளுக்குப் பின்னால் ஒருவர் ஏன் நிற்க வேண்டும் என்பதற்கு வருகிறேன்.

வயது சென்ற மாணவன் வெறுங்கையோடு வகுப்புக்கு வருகிறான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவன் கையில் ஏற்கெனவே ஒரு தொழில் குடியிருக்கிறது. என் கையில் குடியிருந்தது நில அளவைக் கோடு. 1:2000 என்ற அளவுத்திட்டத்தில் வரையப்படும் படமொன்றில் 0.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள கோடு நிலத்திலே 40 சென்ரிமீற்றர் அகலத்தை மூடிக்கொள்ளும். 40 சென்ரிமீற்றர் என்பது ஒரு வேலியை நகர்த்தவும், இரண்டு குடும்பங்களை நீதிமன்றப் படியேற்றவும் போதுமான அகலம். ஆகையால் ஒரே தடிப்பில் மை இடும் ரொட்ரிங் பேனாவைத் தாளுக்குச் செங்குத்தாகப் பிடித்து, மூச்சை அடக்கி, தொடங்கிய தடிப்பிலேயே முடியுமாறு கோட்டை இழுக்கப் பழகியிருந்தேன். தவறினால், ரேசிங் தாளில் மை காய்ந்த பின் சவர பிளேட்டின் நுனியால் சுரண்டி எடுத்து, அந்த இடத்தை நகத்தால் தேய்த்து மழுமழுப்பாக்கி, மேலே மறுகோடு இடுவோம். சுரண்டிய தடம் மேலதிகாரியின் கண்ணில் படக்கூடாது. இதுவே எங்கள் திறமையின் அளவுகோலாக இருந்தது.

ஓவிய வகுப்பில் கையில் கொடுக்கப்பட்டது கரிக்கோல், அதாவது கரியாக்கிய மரக் குச்சி. மேசையும் இல்லை; தாளை ஆள் உயரத்துக்குப் பலகையில் நிறுத்தி, நின்றுகொண்டு, மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையை வீசி வரையச் சொன்னார்கள். அழிப்பான் பாவிக்க அனுமதி இல்லை. பிழைத்த கோட்டை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் சரியான கோட்டைத் தேட வேண்டும். தேடிய தடங்கள் எல்லாம் தாளில் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். சுரண்டி மறைப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த ஒருவனுக்கு இது எவ்வளவு கூச்சம் தரும் என்பதைத் தையற்காரர்களும் கணக்காளர்களும் உடனே விளங்கிக்கொள்வார்கள்.

எங்களுக்கு வரைதல் கற்பிக்கும் விரிவுரையாளர் முப்பது வயதைத் தாண்டாத பெண். அவர் என்னை "ஐயா" என்கிறார். நான் அவரை "மிஸ்" என்கிறேன். இரண்டு பக்கத்திலும் மரியாதை இருக்கும் இடத்தில் திருத்தம் நடப்பது எளிதன்று. முதல் சில வாரங்கள் அவர் மற்றவர்களின் தாளில் கரிக்கோலால் கோடிட்டுத் திருத்துவார். என் தாளுக்கு வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு, "நன்றாக இருக்கிறது ஐயா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். நம்முடைய பண்பாட்டில் வயதுக்குக் கொடுக்கப்படும் மதிப்பு, மாணவனாக இருப்பவனுக்கு நட்டமாக முடியும் இடம் இது. ஒருநாள் நானே கரிக்கோலை அவரிடம் நீட்டி, "மிஸ், என்னுடையதையும் பழுதாக்குங்கள்" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்துதான் எனக்கு வகுப்பு தொடங்கியது என்று சொல்லலாம். முதுமையில் கற்கப் போகின்றவர்களுக்கு நான் சொல்லக்கூடிய நடைமுறை யோசனை ஒன்று உண்டென்றால் அது இதுதான்: திருத்தும் உரிமையை ஆசிரியருக்கு நீங்களே வாய்விட்டுக் கொடுக்க வேண்டும், அவர்களாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அவர் திருத்திய படங்களில் ஒன்றை விரிவாகச் சொல்கிறேன். உப்புவெளிக் கரையில் கரைவலை இழுப்பவர்களை வரைந்து கொண்டுபோயிருந்தேன். கரைவலையின் இரு கயிறுகளையும் இரண்டு அணியினர் கரையில் நின்று இழுப்பார்கள். மீன் சேரும் பையான மடி கரையை நெருங்க நெருங்க அணிகள் ஒன்றையொன்று நெருங்கும். என் படத்தில் எல்லாம் சரியாக இருந்தன: ஆட்களின் எண்ணிக்கை, கயிற்றின் கோணம், தொலைவில் உள்ளவர்கள் சிறுத்துத் தெரிய வேண்டிய விகிதம். மிஸ் நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஐயா, இவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இழுக்கவில்லையே" என்றார். பிறகு என் படத்தின் மேலேயே, தலையிலிருந்து குதிக்கால் வரை ஒரே வீச்சில் சாய்ந்த ஒரு கோட்டைப் போட்டார். அவ்வளவுதான். கயிற்றை விட்டால் அந்த மனிதன் மல்லாந்து விழுந்துவிடுவான் என்பது அந்த ஒரு கோட்டில் தெரிந்தது. முகம் இல்லை, கை இல்லை, இடுப்பில் சாரம் இல்லை, பாரம் இருந்தது. அடுத்த சனிக்கிழமைகளில் அரை நிமிடத்துக்கு ஒரு படம் என்ற கணக்கில் முதுகுத்தண்டின் கோட்டை மட்டும் வரையும் பயிற்சியே எனக்குத் தரப்பட்டது. இதை நான் வீட்டில் தனியே இருந்து பயின்றிருந்தால், ஆட்களின் எண்ணிக்கையை மேலும் மேலும் சரியாக்கிக்கொண்டே போயிருப்பேன்.

முதுமையில் ஓவியத்துக்கு வந்தவர்களைப் பற்றிப் பேசும்போது இரவீந்திரநாத் தாகூரைச் சொல்லாதவர்கள் இல்லை. கையெழுத்துப் பிரதிகளில் அடித்துவிட்ட சொற்களை உருவங்களாக்கி விளையாடத் தொடங்கியவர், எழுபதை நெருங்கிய வயதில், 1930இல், பாரிஸில் ஓவியக் கண்காட்சி வைத்தார். பெருமைக்குரிய செய்திதான். ஆனால் அவர் எந்த வகுப்பிலும் அமர்ந்து ஓவியம் பயின்றவர் அல்லர்; மேதைகளின் கதை நமக்குத் துணிவு தரலாம், வழி காட்டாது. எங்கள் ஓவிய வரலாற்றுப் பாடத்தில் வரும், 43 குழு என்ற இலங்கை ஓவியர் குழுவின் ஜோர்ஜ் கிளாசன் தாமாகவே பயின்றவர் என்று சொல்லப்படுகிறார். அவரும்கூட ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ் போன்றவர்களின் கண்ணுக்கு முன்னால், அவர்களோடு சேர்ந்து படம் வைத்தவர். எனக்கு நெருக்கமாகத் தோன்றுபவர் விபுலாநந்த அடிகளார். 1920களில் எங்கள் திருகோணமலை இந்துக் கல்லூரியை நடத்திய அவர் விஞ்ஞானப் பட்டதாரி. பழந்தமிழரின் யாழைப் பற்றி அவர் செய்த ஆராய்ச்சி 1947இல் நூலாக அரங்கேறியபோது அவருக்கு வயது 55. தாம் முன்பு கற்ற கணிதத்தை அவர் கலைக்காகக் கைவிடவில்லை. நரம்புகளின் நீளத்தையும் சுருதியையும் கணக்கிடுவதற்கு அதையே கருவியாக்கினார். என் நில அளவைக் கோட்டையும் முழுவதாக மறந்துவிட வேண்டியதில்லை என்ற எண்ணம் எனக்கு அவரிடமிருந்துதான் வந்தது. கட்டடங்களை வரையும் வகுப்பில், எங்கள் ஊர் பிரெட்றிக் கோட்டை வாசலின் வளைவை அளவுகோல் இல்லாமல் கண்ணால் அளந்து வரையச் சொன்னபோது, பிள்ளைகள் என் தாளை எட்டிப் பார்த்தார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். தற்பெருமைதான், வானொலியில் முகம் தெரியாது என்ற தைரியம்.

இனி உடம்பைப் பற்றி. நாற்பது வயதுக்குப் பின் வெள்ளெழுத்து வந்துவிடுகிறது. இருநோக்குக் கண்ணாடி போட்டவர், எதிரே உள்ள பொருளை மேல் வில்லையாலும் தாளைக் கீழ் வில்லையாலும் பார்த்துப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தாளைக் கைநீளத் தொலைவில் நிறுத்திப் பெரிதாக வரைந்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். இதைவிட நுட்பமான மாற்றமொன்றும் உண்டு. வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மெல்ல மஞ்சளிக்கிறது. அது நீல ஒளியில் ஒரு பகுதியைத் தடுத்துவிடுகிறது. பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனே கண்புரையால் அவதிப்பட்டு 1923இல் சத்திரசிகிச்சையில் அந்த வில்லையை அகற்றிக்கொண்ட பிறகு, நிறங்கள் முன்போல் தெரியவில்லை, எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று வருந்தினார். டச்சுக்குடாவின் கடலை நான் தீட்டிய படத்தைப் பார்த்த மாணவி ஒருத்தி, "அங்கிள், நீங்கள் நீலத்தைக் கொஞ்சம் கூடப் போடுகிறீர்கள்" என்றாள். என் கண்ணுக்கு அது சரியாகவே தெரிந்தது. இப்பொழுது நிறம் கலக்கும்போது அவளைக் கூப்பிட்டுக் காட்டிக்கொள்கிறேன். அவளுக்குத் தொலைவில் உள்ளவை சிறுத்துத் தெரியும் விகிதத்தைப் பற்றிய தூரக்காட்சிப் பாடத்தை நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

செலவைப் பற்றியும் கேட்பார்கள். நல்ல நீர்வண்ணத் தாள் விலை கூடியது; வாடைக்காலத்தில் எங்கள் கடற்கரை வீடுகளில் பூஞ்சணம் பிடித்துவிடும், பொலித்தீனில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வைக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நேர்மாறான தொல்லை: வானத்துக்குப் பூசிய நிறம் தாளின் மறுகரையை எட்டுமுன் காய்ந்து வரம்பு கட்டிவிடும், விடியற்காலையில் வரைந்துவிடுவதே வழி. கரிக்கோலை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். மெல்லிய கொப்புகளைப் பட்டை உரித்து, மூடியுள்ள தகர டின்னில் நெருக்கமாக அடுக்கி, புகை வெளியேற மூடியில் சிறு துளை இட்டு, அடுப்பில் புகை ஓயும் வரை வைத்து, டின் முழுவதும் ஆறிய பின் திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுச் சாம்பலாகிவிடும். என் மனைவி இதற்காகப் பின்வளவில் தனி அடுப்பு ஒன்றை ஒதுக்கித் தந்திருக்கிறார். குசினிக்குள் அனுமதி இல்லை.

திருகோணமலைத் துறைமுகத்தை ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் தங்கள் தேவைக்காகப் பலமுறை வரைந்திருக்கிறார்கள். தொழில் காரணமாக அத்தகைய பழைய படங்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். கடலின் ஆழம், கோட்டையின் கொத்தளம், கப்பல் நங்கூரமிடும் இடம் எல்லாம் துல்லியமாக இருக்கும். கரையில் வலை இழுப்பவர்கள் இருக்க மாட்டார்கள். அவர்கள் அந்தப் படத்துக்குத் தேவைப்படவில்லை. நான் வரைந்த நில அளவைப் படங்களிலும் அவர்கள் இல்லை. மீனவர் தங்கும் கொட்டிலான வாடி நிற்கும் இடம் ஒரு சிறு செவ்வகம், அவ்வளவே. இந்த ஆண்டு இறுதி ஒப்படைக்கு நான் எடுத்திருக்கும் பொருள் கரைவலைதான். வலைக்குச் சொந்தக்காரரான திருக்கடலூர்ச் சம்மாட்டி ஒருவர், தம்முடைய ஆட்களை வரைந்துகொள்ளலாம் என்றும், ஆனால் மடி கரை சேரும் நேரத்தில் பென்சிலை வைத்துவிட்டுக் கயிற்றில் கை கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். அந்த நிபந்தனைக்கு மிஸ்ஸும் சம்மதம் தெரிவித்திருக்கிறார். இழுத்துப் பார்த்த பிறகு கோடு மாறுகிறதா என்பதைப் பார்க்க வேண்டுமாம். இப்பருவத்தில் வலை வைப்பது முடிவதற்குள் படங்களை ஒப்படைக்க வேண்டும்.

வாய்ப்புத் தந்த வானொலி நிலையத்தாருக்கும், செவிமடுத்த நேயர்களுக்கும் நன்றி. வணக்கம்.